எடுக்க முடியாத தொப்பி

தீவின் தென்கிழக்கில், பிளேன் மாக்னியன் என்ற ஊரில் ஒருவருக்கு 'மீன் பிடிக்காமல் கடலுக்குப் போகிறவர்' என்று பெயர். சொந்தப் பெயர் செல்லப்பெருமாள். சர்க்கரை ஆலையில் பெர்மால் என்றார்கள். அவரும் திரும்பிப் பார்த்தார்.

வாரத்தில் ஆறு நாள் அவர் ஆலையின் பரிசோதனைச் சாலையில் உதவியாளர். கரும்புச் சாற்றை வடிகட்டி, நீளமான கண்ணாடிக் குழாயில் ஊற்றி, கருவியில் பொருத்தி, இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் உள்ளே பார்த்து, சாற்றில் சர்க்கரை எத்தனை பங்கு என்று சொல்ல வேண்டும். அவர் சொல்வதை வேதியியலார் எழுதிக்கொள்வார். கூலிக் குடியிருப்பில் பிறந்த ஒருவருக்கு 1938-இல் அது பெரிய உத்தியோகம். கூரைக்கு அடியில், நாற்காலியில் உட்கார்ந்து, கண்ணை மட்டும் வைத்துப் பிழைப்பது.

ஏழாம் நாள் மாயேபூர் குடாவில் பாய் கட்டிய பிரோக் படகு ஓட்டுவார். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. காற்றோடு போவார், அதே காற்றோடு மல்லுக்கட்டித் திரும்புவார். என்ன கிடைத்தது என்று கேட்டால் "நல்ல காற்று" என்பார். அவருடைய மனைவி அலமேலு இதை நோய் என்று நினைத்தாள். ஆனால் குடிப்பதை விட மலிவான நோய் என்றும் நினைத்தாள்.

படகில் பாதி கேத்தானுக்குச் சொந்தம். கேத்தான் மாயேபூர் மீனவர். ஞாயிறு காலைப் பூசை முடிந்ததும் நேரே படகுக்கு வருவார். கேத்தானின் கொள்ளுப்பாட்டன் எந்த ஊரிலிருந்து கப்பல் ஏறினார் என்று பெர்மாலுக்குத் தெரியும், கேத்தானுக்குத் தெரியாது. குடும்பம் ஞானஸ்நானம் பெற்ற நாளுக்கு முந்தைய சங்கதி எதுவும் தமக்கு வேண்டாம் என்பார். வெறும் படகோடு கரையேறுவது மீனவனுக்கு மானக்கேடு. ஆகவே அவர் பெர்மாலுக்குத் தெரியாமல் படகின் பின்னால் ஒரு தூண்டில் கயிற்றை விட்டிருப்பார். பெர்மால் தெரியாதவர் போலவே இருப்பார். பத்து வருஷம் இப்படி நடந்தது.

அந்த வருஷம் ஜூலையில் பெர்மால் சொன்ன எண் இரண்டு முறை தப்பிப் போயிற்று. வேதியியலார் தாமே பார்த்துவிட்டு, அவரை டாக்டரிடம் அனுப்பினார். டாக்டர் இமையை மடித்துப் பார்த்தார். வலக்கண்ணின் வெள்ளையில் சதை வளர்ந்து கருவிழியை நோக்கி நகர்கிறது என்றார். வெயிலும் உப்புக்காற்றும் தண்ணீரில் பட்டுத் தெறிக்கும் கண்கூச்சமும் சேர்ந்து செய்த வேலை.

"கடலை விட்டுவிடுங்கள். விட முடியாதென்றால் அகல விளிம்புத் தொப்பி. நிழல் கண்ணை விட்டு ஒரு கணமும் விலகக் கூடாது. இரண்டு மாதம் கழித்து வாருங்கள். சதை ஒரு நூல் நகர்ந்திருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை முடிந்தது."

தொப்பியைப் பற்றி பெர்மால் அதுவரை யோசித்ததே இல்லை, தலையில் எப்போதும் ஒன்று இருந்தபோதிலும். அவருடைய அப்பா தலைப்பாகை கட்டியவர். தலைப்பாகையை எந்தத் துரைக்கும் எடுக்க வேண்டியதில்லை. செருப்பைத்தான் கழற்ற வேண்டும், அப்பாவிடம் செருப்பு இல்லை. மகன் மிஷன் பள்ளியில் படித்து, ஆலைக்குள் நுழைந்து, தொப்பி போடும் தகுதி பெற்றார். கூடவே அதை எடுக்கும் கடமையும் வந்து சேர்ந்தது. ஒருநாளைக்கு இருபது தடவை எடுத்தார். முன்னேற்றம் என்பது இப்படித்தான் வருகிறது.

முதலில் கஸ்க் என்று ஊரில் சொல்லும் தக்கைத் தொப்பி. மேற்பார்வையாளர்கள் போடுவது, நல்ல நிழல். முந்தின வருஷம் கிழக்குப் பக்கம் கரும்புக்காரர் கலகமும் துப்பாக்கிச் சூடும் நடந்த பிறகு அதைப் போட்டுக்கொண்டு சாலையில் நடக்க அவருக்குத் துணிவில்லை. காகிதத்தில் சுற்றிப் படகுக்குக் கொண்டுபோனார். படகு திரும்பிய இடத்தில் காற்று அடியில் புகுந்து அதைக் கழற்றியது. தக்கை அல்லவா, அலைமேல் நிமிர்ந்து உட்கார்ந்து எக்ரெத் தீவை நோக்கி ஓடிற்று.

"பார், மோ ஃப்ரேர்!" என்றார் கேத்தான். யாராயிருந்தாலும் அவருக்கு 'என் சகோதரன்'தான். "உன்னைவிட நல்லா ஓட்டுது!"

அடுத்து கம்பளித் தொப்பி. அது நின்றது, ஆனால் விளிம்பு நான்கு விரல்கூட இல்லை. பக்கத்திலிருந்து வரும் கூச்சம் நேரே கண்ணில் குத்தியது. நனைந்ததும் ஈரப் பூனையைத் தலையில் வைத்த கனம். பிறகு வக்வா என்று இங்கே சொல்லும் தாழை ஓலையில் முடைந்த தொப்பி, ஒரு முழ விளிம்பு. முதல் வீச்சிலேயே போயிற்று. இன்னொன்று வாங்கி ரப்பர் நாடா தைத்தார். காற்று தொப்பியைப் பின்னுக்குத் தள்ள, நாடா தொண்டையைப் பிடித்தது. ஒரு கையில் சுக்கான், ஒரு கையில் பாய்க்கயிறு, தொண்டையில் நாடா என்று அரை மைல் வந்தார். தலைப்பாகையும் கட்டிப் பார்த்தார். அதற்கு விளிம்பு இல்லை.

"கொண்டை ஊசி குத்திக்குங்களேன்" என்றாள் அலமேலு.

"எதுல குத்த?"

அவள் அவர் தலையைப் பார்த்தாள். முப்பத்துமூன்று வயதிலேயே அங்கே அதிகம் இல்லை.

விளிம்பு அகன்றால் நிழல் வருகிறது, காற்றும் வருகிறது. குறுகினால் தொப்பி நிற்கிறது, கண் நிற்காது. ஆகஸ்ட் முழுக்க இந்தக் கணக்கோடு திரிந்தார். ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று ஞாயிற்றுக்கும் ஓய்வு எடுப்பதில்லை.

அவருடைய அக்கா பார்வதி கரும்புத் தோட்டத்தில் களை எடுப்பவள். ஒரு சாயங்காலம் தம்பி வீட்டுக்கு வந்தபோது தொப்பிக் கதையை முழுக்கக் கேட்டாள். பிறகு தன் தலையிலிருந்ததைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். அதுவும் வக்வா தொப்பிதான். ஆனால் வழுக்காமலிருக்க அடியில் ஒரு துணி. பறக்காமலிருக்க மேலே ஒரு துணி. மேல்துணி தொப்பியின் உச்சியைச் சுற்றி வந்து, விளிம்பை இரண்டு காதோரமும் கீழே வளைத்து, தாடைக்கு அடியில் முடிச்சாகியிருந்தது.

"இருபது வருஷமா காட்டுல நிக்கிறேன். ஒரு தரம் பறந்திருக்கா கேளு."

"அக்கா, இது பொம்பளைங்க கட்டுறது."

"காத்துக்குத் தெரியுமா, ஆம்பளையா பொம்பளையான்னு?"

"கரும்பு வெட்டுறவன்கூட இப்படிக் கட்டுறதில்ல."

"அவன் கட்ட மாட்டான். வேலை வாங்குற சர்தார் வந்தா எடுக்கணும், துரை வந்தா எடுக்கணும். நான் யாருக்கு எடுக்கணும்? பொம்பளைக்கு அந்தச் சட்டம் இல்ல. அதான் எங்க தொப்பி எங்க தலையில நிக்குது." முடிச்சைப் போட்டுக் காட்டினாள். "நனைஞ்சா இறுகும். அதுதான் இதோட நல்ல குணம்."

தீவில் தொப்பி வைத்த எந்த ஆணும் கவனிக்காத விஷயத்தை அவள் போகிறபோக்கில் சொல்லிவிட்டாள். ஆணின் தொப்பி தலையில் வைப்பதற்காகச் செய்யப்பட்டதல்ல. தலையிலிருந்து எடுப்பதற்காகச் செய்யப்பட்டது. எடுக்க வருவது எதுவோ, அது காற்றுக்கும் வரும்.

அந்த ஞாயிறு அவர் அக்காவின் முறையில் கட்டிக்கொண்டார், கரையில் அல்ல, படகு நூறு முழம் தள்ளிப் போன பிறகு. கேத்தான் சிரித்து முடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. ஆனால் தொப்பி நின்றது. அலை முகத்தில் அடித்தது, நின்றது. பத்து வருஷமாகக் கண்ணைச் சுருக்கியே பார்த்த கடலை பெர்மால் முதல் தடவையாகக் கண் திறந்து பார்த்தார். அடியில் பவளப்பாறை தெரிந்தது, அதன் மேல் படகின் நிழல் ஓடுவது தெரிந்தது. "எவ்வளவு ஆழம் பார்!" என்று கேத்தானிடம் சொன்னார், அங்கேயே பிறந்து வளர்ந்த கேத்தானிடம்.

திரும்பும் வழி புவாந்த் தெஸ்னி கரையை ஒட்டி வருகிறது. பாறைத்திட்டுக்கும் கரைக்கும் நடுவே படகு போகுமளவு ஆழம் அங்கே மட்டும்தான். கரை முழுக்கத் தோட்ட முதலாளிகளின் கடற்கரை வீடுகள். அதில் ஒன்று ஆலை நிர்வாகி மிஸ்யே ஆல்பெருடையது. ஞாயிற்றுக்கிழமை அவர் தாழ்வாரத்தில் உட்கார்ந்திருப்பார். ஆலை ஆட்கள் படகில் போனால் தொப்பியை எடுப்பார்கள். அவர் ஒரு விரலை உயர்த்துவார். அவர் இல்லாத நாளில் நாற்காலிக்கு எடுப்பார்கள். நாற்காலி சொல்லிவிடாது என்று என்ன நிச்சயம்?

அன்று அவர் இருந்தார், விருந்தாளிகளும் இருந்தார்கள். படகு நல்ல வேகத்தில் வந்தது.

கேத்தான் தன் துணித்தொப்பியை எடுத்தார். "எடு, மோ ஃப்ரேர்."

பெர்மால் சுக்கானை முழங்காலால் அழுத்திக்கொண்டு முடிச்சைப் பிடித்தார். அது நனைந்திருந்தது. அக்கா சொன்ன நல்ல குணத்தை முழுதாகக் காட்டியது.

"வரலை!"

"இழு!"

"இழுக்கிறேன்! கத்தியக் குடு, அறுத்துடறேன்!"

கேத்தானால் கொடுக்க முடியவில்லை. ரகசியத் தூண்டிலில் அப்போதுதான் பெரிய மீன் ஒன்று மாட்டியிருந்தது. ஒரு கையில் தொப்பி, ஒரு கையில் கயிறு, அத்தனை வருஷ ரகசியமும் படகின் பின்னால் துள்ளிக்கொண்டிருந்தது.

படகு அந்த வீட்டைக் கடக்க முக்கால் நிமிஷம் பிடிக்கும். அது முழுதும் பெர்மால் தாடைக்குக் கீழே முஷ்டியை இறுக்கி இழுத்துக்கொண்டிருந்தார். தாழ்வாரத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேறு: தொப்பியை எடுக்காத ஒருவன், துரையைப் பார்த்து முஷ்டியை உயர்த்திக் காட்டுகிறான். போர்ட் லூயி துறைமுகத்தில் வேலைநிறுத்தம் நடந்துகொண்டிருந்த வாரம் அது.

திங்கட்கிழமை மிஸ்யே ஆல்பெர் கூப்பிட்டனுப்பினார். சத்தம் போடவில்லை. பிரெஞ்சில், நிதானமாகக் கேட்டார்.

"தொழிலாளர் சங்கத்தில் சேர்ந்துவிட்டீரா, பெர்மால்?"

"இல்லை, மிஸ்யே. முடிச்சு அவிழவில்லை."

"என்ன முடிச்சு?"

பெர்மால் விளக்கினார். கண், டாக்டர், காற்று, அக்கா, துணி. உண்மை முழுவதையும் வரிசையாகச் சொன்னார்; அதைவிட நம்ப முடியாத ஒன்றை அவர் யோசித்திருந்தாலும் கண்டுபிடித்திருக்க மாட்டார்.

"ஆக, என் விருந்தாளிகள் முன்னால் நீர் களை எடுக்கும் பெண் போலக் கட்டிக்கொண்டு வந்தது தற்செயல். சரி. அடுத்த ஞாயிறு நான் அங்கேதான் இருப்பேன். எடுக்க வருகிற தொப்பியோடு வாரும், இல்லையென்றால் அந்தப் பக்கம் வராதீர். பரிசோதனைச் சாலையில் எனக்கு ஒழுங்கான ஆட்கள் வேண்டும்."

வெள்ளிக்கிழமை கோயிலில் வீரசாமி ஓடி வந்தார். கரும்பு வண்டி ஓட்டுபவர், சங்கத்துக்காரர். பெர்மாலின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அண்ணே! நாங்க கூட்டம் போட்டுக் கத்தினோம். நீங்க சும்மா உக்காந்த எடத்துல சாதிச்சுட்டீங்க! ஆலை முழுக்க இதே பேச்சு!"

"முடிச்சு அவிழல, வீரசாமி."

"அப்படித்தான் சொல்லணும்ண்ணே!" என்று கண்ணைச் சிமிட்டினார். "நானும் யார் கேட்டாலும் முடிச்சு அவிழலன்னே சொல்றேன்."

அந்த வருஷம் நிர்வாகியும் சங்கமும் ஒத்துப்போன விஷயம் இது ஒன்றுதான்.

மிச்சமிருந்த நாளில் வீட்டில் ஆலோசனை. கம்பளித் தொப்பியைப் போட்டால் துரைக்கு நல்லது, வளரும் சதைக்கும் நல்லது, கண்ணுக்குத்தான் கெடுதல். அக்காவின் துணியில், இழுத்தால் அவிழும் முடிச்சு போட்டு முற்றத்தில் நின்று பார்த்தார். காற்று ஒரு நுனியைப் பிடித்துத் தானே அவிழ்த்துக்கொண்டது.

"அந்த வீடு வரப்போ படகுல படுத்துக்குங்க" என்றாள் அலமேலு. "கேத்தான் ஓட்டட்டும். ஆளே இல்லாத மாதிரி போயிடலாம்."

"நான் இருக்கேனான்னுதானே அவர் பார்த்துக்கிட்டு இருப்பாரு."

"அப்போ ஒரு ஞாயித்துக்கிழமை வீட்ல இருங்களேன்."

அவர் கணக்குப் போட்டுப் பார்த்தார். ஒரு ஞாயிறு இருந்தால் அடுத்ததும் இருக்க வேண்டும். துரை வருஷம் முழுக்க அங்கேதான் உட்கார்ந்திருப்பார்.

கடைசியில் கேத்தான்தான் வழி கண்டார். வீடு வருவதற்கு முன்பே சுக்கானைத் தாம் வாங்கிக்கொள்வார். பெர்மால் அலை படாத பக்கம் உட்கார்ந்து, முடிச்சு காய்ந்திருக்கும்போதே அதை அவிழ்த்து, கையில் பிடித்திருந்து, உரிய இடத்தில் எடுத்துக் காட்டி, தாண்டியதும் கட்டிக்கொள்ளலாம். முக்கால் நிமிஷக் கூச்சத்தில் கண் கெட்டுவிடாது. குற்றம் சொல்ல முடியாத யோசனை. பெர்மால் ஒத்துக்கொண்டார்.

ஞாயிறு, அதே நேரம், அதே காற்று. கேத்தான் சுக்கானை வாங்கினார். பெர்மால் முடிச்சில் கை வைத்தார். காய்ந்திருந்தது, விரல் பட்டதும் இளகியது.

தொப்பி நிழலில் தாழ்வாரம் ஒவ்வொரு பலகையாகத் தெரிந்தது. மிஸ்யே ஆல்பெர் மடியில் தொலைநோக்கியை வைத்துக்கொண்டு காத்திருந்தார். வீட்டுக்கு முன்னே தண்ணீரோரம் அவருடைய மனைவி மதாம் நதின் நின்றிருந்தாள். பெரிய ஓலைத் தொப்பி. அதன் மேல் ஒரு மெல்லிய துணி, உச்சியைச் சுற்றி, விளிம்பை இரண்டு பக்கமும் வளைத்து, தாடைக்கு அடியில் முடிச்சு. பார்வதியுடையது உரமூட்டைத் துணி, இவளுடையது பட்டு, முறை ஒன்றே. காற்றுக்கு இவளும் அப்படித்தான் கட்டியிருந்தாள், இவளும் யாருக்கும் எடுக்க வேண்டியதில்லை.

பெர்மாலுக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், அவர் பின்னாளில் சொன்னது வேறு. "சரியான தொப்பிதான் வாங்கியிருக்கேன்னு தோணிச்சு" என்றார்.

அவர் இளகிய முடிச்சை இறுக்கினார்.

"என்ன பண்றே?" என்றார் கேத்தான்.

"சுக்கானக் குடு. நானே ஓட்டுறேன்."

"பெர்மால், அவர் பார்க்கிறார்."

"பார்க்கட்டும். நானும் பார்க்கிறேன். நல்லாத் தெரியுது."

கேத்தான் தன் தொப்பியை எடுத்தார். கொஞ்சம் யோசித்து, பெர்மாலுக்காக இன்னொரு தடவையும் எடுத்தார். கரையில் ஒரு விரலும் உயரவில்லை. படகு போயிற்று.

திங்கட்கிழமை பரிசோதனைச் சாலை வாசலில் வேறு ஆள் நின்றான். பெர்மாலைக் கரும்பு எடை போடும் முற்றத்துக்கு மாற்றியிருந்தார்கள். "காற்றில் இருக்கப் பிரியப்படுகிறார்" என்று மிஸ்யே ஆல்பெர் சொன்னதாகக் கேள்வி. முற்றத்துக்குக் கூரை கிடையாது. தென்கிழக்குக் காற்று அங்கே கடலில் அடிப்பதை விடக் கடுமையாக அடித்தது. உப்புக்குப் பதில் கரும்புச் சருகு.

அந்த வாரமே டாக்டரிடம் போகும் நாள் வந்தது. அவர் இமையை மடித்து வெகுநேரம் பார்த்தார்.

"நகரவே இல்லை. அருமையான தொப்பியாக இருக்க வேண்டும். இனி பயமில்லை, பரிசோதனைச் சாலைக்கு உங்கள் கண் இன்னும் முப்பது வருஷம் உழைக்கும்."

பெர்மால் அவரைத் திருத்தவில்லை. "ஞாயித்துக்கிழமை?" என்று மட்டும் கேட்டார்.

"தாராளமாக."

அன்று சாயங்காலம் அவர் பார்வதியின் வீட்டுக்குப் போய், இன்னொரு துணி இருக்குமா என்று கேட்டார். அவளுக்குச் செய்தி வந்து சேர்ந்திருந்தது. கோபத்தில் இருந்தாள், தன் மேலா தம்பி மேலா என்று அவளுக்கே நிச்சயமில்லை.

"கூரைக்குக் கீழ உக்கார வெக்க அப்பா எவ்வளவு பாடு பட்டாரு! என் தொப்பியக் கட்டி உன்னக் காட்டுக்கு இழுத்துட்டு வந்துட்டேனே!"

"காடு இல்லக்கா, எடை போடுற முத்தம்."

"ரெண்டுக்கும் ஒரே வெயிலுதான். இனி ஆறு நாளும் கூலிக்காரியாட்டம் கட்டிட்டு நிக்கப் போறியா?"

"ஏழு நாளும்."

அவள் துணியைக் கிழித்துக் கொடுத்தாள்.

எடை முற்றத்தில் அவர் பதினெட்டு வருஷம் நின்றார். வீரசாமியும் மற்ற வண்டிக்காரர்களும் கரும்போடு உள்ளே வரும்போது, துரைக்குத் தொப்பி எடுக்காத மனிதருக்கு மரியாதையாகத் தங்கள் தொப்பியை எடுப்பார்கள். பதிலுக்கு எடுக்க அவருக்கு வராது. தலையை மட்டும் அசைப்பார். இவருக்கும் திமிர் ஏறிவிட்டது என்று சிலர் பேசிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் கடலில் இருந்தார்.